கடன் நோட்டில் இருந்த ஊர்

சில மாதங்களுக்கு முன் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். அவரவர் ஊரின் வரலாற்றை நான்கு பக்கத்துக்குள் எழுதி வர வேண்டும். மறுவாரம் ஒரு மாணவன் வெறுங்கையோடு வந்து நின்றான். "எங்க ஊர்ல எழுதறதுக்கு என்ன சார் இருக்கு?" என்றான். எந்த ஊர் என்று கேட்டேன். அனகாபுத்தூர் என்றான். அது என் ஊர் என்பது அவனுக்குத் தெரியாது. அன்று அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இப்போது எழுத முயல்கிறேன்.

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊரைச் சுற்றிலும் வரலாறு இருக்கிறது. பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் வாழ்ந்ததும் அதே பல்லாவரத்தில். அடுத்த ஊர் பம்மல். 1891இல் சுகுண விலாச சபையை நிறுவிய சம்பந்த முதலியார் தம் பெயரிலேயே அந்த ஊரைச் சுமந்தார். திருநீர்மலைக்குத் திருமங்கையாழ்வாரின் பாசுரங்கள் உண்டு. ஆற்றைக் கடந்து போனால் குன்றத்தூர். பெரியபுராணம் தந்த சேக்கிழார் பிறந்த மண். இத்தனைக்கும் நடுவில் அடையாற்றங்கரையில் கிடக்கிறது அனகாபுத்தூர். மன்னரோ புலவரோ பிறந்ததாகச் சொல்லி யாரும் எங்களைத் தேடி வந்ததில்லை. எங்களிடம் இருந்தவை தறிகள்.

*

நான் வளர்ந்த தெருவில் விடியலை அறிவித்தது தறிச் சத்தம். குழித்தறி என்பது வீட்டின் கூடத்திலேயே பள்ளம் தோண்டி அமைப்பது. நெய்பவர் பள்ளத்தின் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே விட்டு மிதியை மிதிப்பார். ஒரு கை கயிற்றை இழுக்க, நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும். பெண்கள் திண்ணையில் ராட்டையோடு அமர்ந்து தார் சுற்றுவார்கள். அதிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள். அந்நேரத்தில் சைக்கிளில் வருபவர் இறங்கி, பாவுக்கு ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மணியடித்து வழி கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் தறி இல்லை. அப்பா கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளக்காரர். என் நண்பர்கள் பெரும்பாலும் தறிவீட்டுப் பிள்ளைகள். எங்களோடு தமிழும் தம் வீட்டாரோடு தெலுங்கும் பேசுவார்கள். அவர்களில் எனக்கு மிக நெருக்கமான ஒருவனின் தாத்தா, மாலை வேளைகளில் எங்களை உட்காரவைத்துக் கதை சொல்லுவார். ஒருமுறை தகரப் பெட்டியைத் திறந்து மடித்து வைத்திருந்த ஒரு துணியை எடுத்தார். சிவப்பும் கறுநீலமும் கலந்த கட்டம் போட்ட துணி. முகர்ந்து பார்க்கச் சொன்னார். எண்ணெயும் மஞ்சளும் சாயமும் சேர்ந்த ஒரு மணம்.

"இதுக்குப் பேரு கைக்குட்டை" என்றார். நாங்கள் சிரித்தோம். ஒரு கஜம் நீளம், ஒரு கஜம் அகலம். அதில் முகம் துடைப்பவன் எவ்வளவு பெரிய முகம் உடையவனாக இருக்க வேண்டும்! "சிரிக்காதீங்கடா. இதை மூந்து பாத்துத்தான் அவன் வாங்குவான். வாசனை இல்லாட்டா போலின்னு தள்ளிடுவான்" என்றார். 'அவன்' யார் என்று நாங்கள் கேட்கவில்லை. அதற்கு விடை கிடைக்க எனக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன.

*

உலகச் சந்தையில் அந்தத் துணியின் பெயர் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்'. நெசவாளர் வாயில் ஆர்.எம்.எச்.கே. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் காலூன்றியதற்கு முதன்மையான காரணமே துணி என்பதை நாம் அறிவோம். 1639இல் இந்தக் கரையில் இடம் பெற்ற கம்பெனி, நெசவாளர்களைத் தன் கோட்டைக்கு அருகே குடியமர்த்தப் பெரிதும் முயன்றது. 1734இல் உருவான சிந்தாதிரிப்பேட்டை அப்படிப்பட்ட நெசவாளர் குடியிருப்புதான். சோழமண்டலக் கரைத் துணிகள் இலண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயின. அங்கே அவற்றைப் பண்டமாற்றாகக் கொடுத்து மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள் என்பதும் அந்த வணிகத்தின் ஒரு பகுதி. நம் கைத்திறனைப் பற்றிப் பெருமை பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

அடிமை வணிகம் ஒழிந்த பின்னும் துணி போய்க்கொண்டிருந்தது. இன்றைய நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று அழைத்தார்கள். பிறப்பு முதல் இறப்பு வரை அவர்களின் சடங்குகளில் அதற்கு இடம் உண்டு. வியப்பான செய்தி ஒன்று: கட்டம் போட்ட துணியை வாங்கி, சில இழைகளை மட்டும் நுணுக்கமாக அறுத்து உருவி எடுத்து, அதில் வேறொரு கோலத்தை அவர்கள் உண்டாக்குவார்கள். நம் ஊரில் ஒருவர் இழை சேர்த்தார். கடல்களுக்கு அப்பால் வேறொருவர் இழை நீக்கினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. தாத்தா சொன்ன 'அவன்' இந்தக் கலபாரிக்காரன்தான்.

1970களில் நைஜீரியா தன் உள்நாட்டுத் தொழிலைக் காக்கவும் அந்நியச் செலாவணியைச் சேமிக்கவும் துணி இறக்குமதிக்குத் தடை விதித்தது. ஒரு நாடு தன் நெசவாலைகளைக் காப்பாற்ற எடுத்த முடிவை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முடிவு அடையாற்றங்கரையில் உள்ள சிற்றூர் ஒன்றின் அடுப்புகளை எட்டியது. என் தலைமுறை விவரம் அறிந்தபோது தறிகளில் ஓடிக்கொண்டிருந்தவை பெரும்பாலும் லுங்கியும் சேலையும்தாம். லுங்கி உள்ளிட்ட இரகங்களைக் கைத்தறிக்கு ஒதுக்கி 1985இல் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது 1993இல். 22 ஆக இருந்த ஒதுக்கப்பட்ட இரகங்கள் 1996இல் 11 ஆகக் குறைந்தன. சட்டம் தாளில் இருந்தது. கடைகளில் விசைத்தறி லுங்கி தொங்கியது.

*

இவற்றையெல்லாம் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் இதே வரலாறு எங்கள் தெருமுனையிலேயே நாள்தோறும் எழுதப்பட்டு வந்தது என்பது பிற்பாடுதான் உறைத்தது. அதை எழுதியவர் மளிகைக்கடை அண்ணாச்சி.

எங்கள் கடைத்தெரு பெரியதல்ல. முனையில் டீக்கடை, அதன் பலகையில் ஒரே நாளிதழை நான்கு பேர் நான்கு தாள்களாகப் பிரித்துப் படிப்பார்கள். பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை. மணிக்கு ஒரு ரூபாய். மூன்று பேர் காசு சேர்த்து ஒரு சைக்கிள் எடுத்து, திருநீர்மலை அடிவாரம் வரை போய், நேரத்துக்குத் திரும்ப முடியாமல் திட்டு வாங்குவோம். அடுத்து, அட்டை கிழிந்த தொடர்கதைத் தொகுப்புகளை நாள் வாடகைக்குக் கொடுக்கும் புத்தகக் கடை. நான் தமிழ் இலக்கியம் படிக்க நேர்ந்ததற்கு அந்தக் கடைக்கும் பங்கு உண்டு. கடைசியாக அண்ணாச்சி கடை. நெல்லைப் பக்கத்திலிருந்து இளம் வயதில் வந்து, வேறொருவர் கடையில் பொட்டலம் மடித்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்தவர்.

கல்லாவுக்குப் பின்னால் நீளவாட்டில் தைத்த கணக்கு நோட்டுகள் இருக்கும். குடும்பத்துக்கு ஒரு பக்கம். எங்கள் பக்கம் மாதம் பிறந்ததும் தீர்ந்து, மறுபடி தொடங்கும். தறிவீட்டுப் பக்கங்கள் வேறு மாதிரி. சனிக்கிழமை கூலி வாங்கி வந்து கொஞ்சம் கட்டுவார்கள். திங்களன்று அதைவிடக் கூடுதலாக எழுதிப் போவார்கள். நூல் விலை ஏறினால் பாவு வராது. பாவு வராவிட்டால் கூலி இல்லை. கூலி இல்லாத வாரங்களில் எண்ணெயும் பருப்பும் அரைப்படி கால்படியாகச் சுருங்கும். மழைக்காலத்தில் பாவு காயாது. அந்தப் பக்கங்களில் அரிசி மட்டுமே இருக்கும். நூல் சந்தையின் ஏற்ற இறக்கத்தை அந்த நோட்டைவிடத் துல்லியமாக எந்த அரசு அறிக்கையும் பதிவு செய்திருக்காது.

1994இல் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை என் நண்பன் பள்ளிக்கு வரவில்லை. மாலையில் வீட்டுக்குப் போனேன். தறிக்குழியில் கால் விட்டு அமர்ந்திருந்தான். தாத்தாவுக்குக் கண் மங்கிவிட்டது என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வாரம் அண்ணாச்சி கடையில், அவர்கள் பக்கம் நிறைந்து, இன்னொரு தாள் ஒட்டி நீட்டப்பட்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். கணக்கில் என்னைவிட வல்லவன் அவன். தேர்வுக்கு முன் எனக்கு இயற்கணிதம் சொல்லிக் கொடுத்தவன்.

சில மாதங்கள் மாலைதோறும் போய்த் தறியருகே அமர்ந்து பேசினேன். பிறகு வாரம் ஒருமுறையானது. கல்லூரியில் சேர்ந்த பிறகு பேருந்து நிறுத்தத்துக்கு வேறொரு தெரு வழியாகப் போகப் பழகிக்கொண்டேன். அந்த வழி சற்றுச் சுற்று. ஏன் அப்படிப் போனேன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் ஏதேனும் காரணம் சொல்லியிருப்பேன். அவன் வாசலைக் கடக்கும்போது கையில் புத்தகம் இருப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது என்பதே உண்மை.

*

2015 டிசம்பர் 1 இரவு அடையாற்றில் வெள்ளம் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்த நீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலந்து எங்கள் பக்கம் திரும்பியது. கரையோரத் தெருக்கள் மூழ்கின. அப்போது நான் வேறு புறநகரில் குடியிருந்தேன். தண்ணீர் வடிந்த பிறகே ஊருக்குப் போக முடிந்தது.

அண்ணாச்சி கடை வாசலில் சேறு படிந்த மூட்டைகள் குவிந்திருந்தன. அவற்றுக்கு மேலே அந்த நோட்டுகள். மை கரைந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. "வரவேண்டிய பணமெல்லாம் போச்சே அண்ணாச்சி" என்றேன். "அதுல உள்ள பாதிப் பேரு இப்ப இல்ல தம்பி. மீதிப் பேருட்ட நானா கேக்கப் போறேன்? சும்மா கிடக்கட்டும்னுதான் வச்சிருந்தேன்" என்றார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட கணக்கு. மறுநாள் குப்பை வண்டியில் போய்விட்டது. ஆய்வேட்டுக்காகத் தொலைதூர ஆவணக் காப்பகங்களில் பல நாட்கள் தவமிருந்த நான், ஒருநாளும் அந்த நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்ததில்லை.

அங்கிருந்து, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, நண்பன் வீட்டுக்குப் போனேன். தறியை 2000களிலேயே பிரித்துவிட்டு ஒரு நிறுவனத்தில் காவலர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை வைத்துவிட்டு, "வா, உள்ள வா. பாத்து, வழுக்கும்" என்றான். ஏதோ நேற்று மாலை பேசிப் பிரிந்தவன் போல. தாத்தாவின் துணி என்னவாயிற்று என்று கேட்டேன். பெட்டியோடு போய்விட்டது என்றான். பிறகு தரையைக் காட்டினான். தறிக்குழியை மண் கொட்டி மூடி, மேலே சிமெண்ட் பூசி, அதன்மேல் பீரோவை வைத்திருந்தார்களாம். வெள்ளத்தில் மண் இறங்க, அந்த இடம் மட்டும் நீள்சதுரமாக உள்வாங்கிவிட்டது. பீரோ சாய்ந்து நின்றது. "எப்பவோ மூடின குழி. தண்ணி கண்டுபிடிச்சிருச்சு பாரு" என்று சிரித்தான். இருவருமாகப் பீரோவை நகர்த்தினோம்.

*

ஊர் இன்றும் இருக்கிறது. வீடு மாறாமலேயே எங்கள் முகவரி மாறிக்கொண்டிருக்கிறது. 1997இல் காஞ்சிபுரம் மாவட்டமானோம். 2019இல் செங்கல்பட்டு மாவட்டமானோம். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சியை அமைத்தபோது அனகாபுத்தூர் நகராட்சி அதில் கரைந்தது. நெசவும் முற்றாக அற்றுப்போகவில்லை. வாழைநார், சணல், அன்னாசி, கற்றாழை முதலிய இயற்கை நார்களைக் கொண்டு சேலை நெய்யும் குழுவினர் ஊரில் உண்டு. 25 வகை நார்களால் அவர்கள் நெய்த சேலை லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம் பெற்றது. ஒரு சந்தை மூடிய பிறகு இன்னொன்றைத் தாமே தேடிக்கொண்ட அந்தக் கைகளை நினைக்கையில் மனம் நிறைகிறது.

அந்த மாணவனை மறுநாள் அழைத்து, உன் தெருவில் பழைய மளிகைக் கடை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றான். கடன் நோட்டு வைத்திருக்கிறார்களா என்று கேட்டு வா, கொடுத்தால் பெயர்களை மறைத்துவிட்டு ஓர் ஆண்டுக் கணக்கை மட்டும் படி எடு, நான்கு பக்கம் போதாது என்று சொன்னேன். இப்போதெல்லாம் கைபேசியில்தான் சார் கணக்கு என்றான். பழையது பரணில் இருக்கும், போய்க் கேள் என்றேன்.

இரண்டு நாள் கழித்து வந்தான். பரணில் மூன்று நோட்டுகள் இருக்கின்றனவாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கணக்குப் பார்க்க என் நண்பனையும் கூப்பிட்டிருக்கிறேன்.