மலைப்பாதையும் மோட்டார் வைத்தியமும்

தமிழ்நாட்டிலிருந்து மேற்கே கேரளத்துக்குள் புகுவதற்கு இயற்கை அமைத்துள்ள வாயில்கள் சிலவே. அவற்றுள் இரண்டு ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்டவை. வடக்கே உள்ளது பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நின்று வழிவிடுகிறது. கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காடு செல்லும் வண்டிக்குப் பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. தெற்கே உள்ளவை இடுக்கி மலைகளின் வாயில்கள்: போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. இங்கே மலை விலகி நிற்பதில்லை. ஏறித்தான் கடக்க வேண்டும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயர்கிறது.

மும்பையிலும், பெங்களூரிலும், தில்லியிலும் வாழும் தமிழ் அன்பர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, வீட்டில் நிற்கும் பழைய காரை எடுத்துக்கொண்டு இவ்வழிகளில் பிரயாணம் செய்வதுண்டு. சமவெளியில் குறையின்றி ஓடிய வண்டி, மலையடிவாரத்தில் ஒரு மஞ்சள் விளக்கைக் காட்டும். அல்லது கியர் மாறாமல் முரண்டு பிடிக்கும். அப்போது அந்த விளக்கை எவ்வளவு நம்புவது, காதுக்குக் கேட்கும் ஓசையை எவ்வளவு நம்புவது என்ற ஐயம் எழுகிறது. இந்த ஐயத்துக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு உண்டு. அதைச் சற்று அறிந்துகொள்வது பயனுடையது.

மோட்டார் வருவதற்கு முன் இவ்விரு வாயில்களும் வெவ்வேறு விதமாகத் திறந்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியே 1860-களின் தொடக்கத்திலேயே சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மூணாற்று மலைகளின் கதை வேறு. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது; 1908-இல் அது சிறிய இரயில் பாதையாயிற்று. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை சென்று, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, பின்னர் மாட்டு வண்டியில் போடிநாயக்கனூரை அடைந்தன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்தது. அது மீண்டும் போடப்படவில்லை. அதன்பின் மலைக்கு மோட்டாரே கதியாயிற்று.

சமவெளியில் மோட்டார் யுகம் அதற்குள் பிறந்துவிட்டது. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு 1920-இல் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். பாலக்காட்டுக்கு அண்டை ஊராகிய பொள்ளாச்சியில் தொடங்கிய அந்த ஒற்றை வண்டி, பின்னர் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. அக்காலத்தில் வண்டி ஓட்டுபவர் வேறு, வண்டியைப் பழுது பார்ப்பவர் வேறு என்ற பிரிவு திடமாக ஏற்படவில்லை. வழியில் வண்டி நின்றால் துணைக்கு வரும் பட்டறை பல மைல்களுக்கு அப்பால் இருந்தது. ஆகவே ஓட்டுநரின் காதும், மூக்கும், விரல் நுனியுமே சோதனைக் கருவிகளாயின.

நாடு விடுதலை பெற்றபின் இம்மலைகளில் மூன்று வண்டிகள் வேரூன்றின. 1947-க்குப் பின் மகீந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டி விற்ற ஜீப் ஒன்று. 1950-களின் பிற்பகுதியில் வங்காளத்து உத்தரபாராவிலிருந்து வந்த அம்பாசடர் மற்றொன்று. பின்னாளில் பிரிமியர் பத்மினி எனப் பெயர் பெற்ற பியட் மூன்றாவது. 1956 நவம்பர் முதல் நாளில் மாநில எல்லைகள் மாறின. சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலிருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் அமைந்தன. ஆயினும் எல்லைக்கோடு பிழைப்பைத் தடுக்கவில்லை. போடி, கம்பம், தேவாரம் ஊர்களிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு ஏலத்தோட்ட வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் தமிழ்ப் பெண்களை ஜீப்புகளே சுமந்தன; இன்றும் சுமக்கின்றன. மலையில் ஒரு கியர் நழுவுவது என்பது பட்டறைச் செலவோடு முடியும் காரியமன்று. உள்ளே அமர்ந்திருப்போரின் உயிரைப் பற்றியது.

அக்காலத்து மோட்டார் வைத்தியர் எவ்வாறு நோயறிந்தார்? எஞ்சின் நான்கு சிலிண்டர்களில் ஒன்று வேலை செய்யாமல் நடுங்கினால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். நல்ல சிலிண்டரின் கம்பியைக் கழற்றினால் எஞ்சினின் ஓசை மேலும் தளரும். கழற்றியும் ஓசையில் மாறுதல் இல்லையானால் அதுவே செத்த சிலிண்டர். பிறகு பிளக்கைத் திருகி எடுத்து அதன் நிறத்தைப் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. எண்ணெய் நனைந்திருந்தால் உள்ளே ரிங் தேய்ந்துவிட்டது.

மலை இந்த அறிவுக்கு மேலும் ஒரு பாடத்தைக் கற்பித்தது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. சமவெளிக்கு அளந்த பெட்ரோலையே ஊற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் கீழே நன்றாக ஓடிய வண்டி மேலே கரும்புகை கக்கித் திணறியது. ஏற்றத்தில் எஞ்சின் கொதித்தால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, பம்பு வெறும் ஆவியை இழுக்கும்; வண்டி நின்றுவிடும். பெட்ரோல் பம்பின் மீது ஈரத்துணியைச் சுற்றிச் சற்று நேரம் காத்திருந்தால் மீண்டும் கிளம்பும். காரணம் அறிந்தவர் காத்திருந்தார். அறியாதவர் நல்ல கார்புரேட்டரைக் கழற்றிக் கெடுத்தார்.

கியரின் நோய்களையும் இவ்வாறே பகுத்தறிந்தார்கள். எல்லாக் கியர்களும் போடும்போது கரகரத்தால், குற்றம் கியர் பெட்டியில் இல்லை. கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை. ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால், அந்தக் கியரின் பற்களை வேகம் ஒத்துச் சேரச் செய்யும் பித்தளை வளையம் தேய்ந்திருக்கும். எஞ்சின் உறுமியும் வண்டி வேகம் கூடாமல் கருகல் வாசனை வந்தால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. பழைய அம்பாசடரில் ஸ்டீரிங்கின் அடியிலேயே அமைந்த கை கியர், இரு கியர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டால், தேய்ந்தது பெரும்பாலும் வெளியே உள்ள இணைப்புத் தண்டுகளின் புஷ்களே. அந்த வண்டியின் முதல் கியருக்கு ஒத்திசை வளையம் கிடையாது. ஆகவே கொண்டை ஊசி வளைவில் முதல் கியருக்கு இறங்க விரும்பியவர், கிளட்சை மிதித்து நடுநிலைக்கு வந்து, விட்டு, எஞ்சின் வேகத்தைச் சற்று உயர்த்தி, மறுபடி மிதித்துப் போட வேண்டும். இந்த இரட்டைக் கிளட்ச் வித்தையே அக்காலத்தில் நல்ல ஓட்டுநருக்கு அடையாளம்.

இனி, இன்றைய வண்டிகளில் காணும் பழுது எண்களின் பிறப்பைப் பார்ப்போம். இவை பழுது பார்ப்போரின் சௌகரியத்துக்காகப் பிறந்தவை என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இவை காற்றின் தூய்மைக்காகப் பிறந்தவை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் நச்சுப் புகைமூட்டத்துக்கு மோட்டார் வண்டிகளின் புகை முக்கியக் காரணம் என்று கண்ட கலிபோர்னியா மாநிலம், 1988-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் முதல், புகை மிகும்படியான பழுதை வண்டி தானே கண்டறிந்து விளக்கேற்றிக் காட்ட வேண்டும் என்று விதித்தது. 1996-இல் அமெரிக்கா முழுவதற்கும் ஒரே வகைப் பதினாறு முனை இணைப்பும், ஒரே வகை எண்களும் கட்டாயமாயின. இந்தியாவில் இம்முறையின் முதற்படி 2010-லும், இரண்டாம் படி 2013-லும் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்திய நம் நாட்டு வண்டிகள் சிலவற்றில், சோதனை முனைகள் இரண்டை ஒரு கம்பியால் இணைத்தால் விளக்கு விட்டுவிட்டு மின்னும். அந்த மின்னல்களை எண்ணிக் கையேட்டில் பொருள் காண வேண்டும்.

இந்த எண்கள் எதைச் சொல்கின்றன? பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பது பொருள். எஞ்சின் தண்டின் சுழற்சியில் ஒவ்வொரு சிலிண்டரின் முறையிலும் ஏற்படும் நுட்பமான தளர்ச்சியை அளந்து கணினி இதனைக் கூறுகிறது. கம்பியைக் கழற்றிக் காதால் கேட்ட பழைய மெக்கானிக் செய்ததும் இதுவே. ஆனால் காரணம் பிளக்கா, மின்சுருளா, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரா, வால்வா என்பதை எண் கூறாது. முதல் சிலிண்டரின் சுருளை இரண்டாவதில் மாற்றிப் பொருத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். எண் பி 0302 என மாறி வந்தால் சுருளே குற்றவாளி. மாறாவிட்டால் தேடலைத் தொடர வேண்டும்.

பி 0171 என்னும் எண் மேலும் சோதிப்பது. கலவையில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு என்பது இதன் பொருள். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி இதைத் தெரிவித்ததால், அந்த உணரியையே மாற்றிவிடும் பட்டறைகள் உண்டு. செய்தி கொண்டு வந்தவனைத் தண்டிப்பது போன்றது இது. எங்கோ இரப்பர்க் குழாய் வெடித்துக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே புகலாம், பெட்ரோல் வடிகட்டி அடைத்திருக்கலாம், பம்பு தளர்ந்திருக்கலாம். எஞ்சின் சும்மா ஓடும்போது குறை மிகுந்து, வேகத்தில் மறைந்தால் காற்றுக் கசிவு என்று ஐயுறலாம். ஏற்றத்தில் பாரம் கூடக் கூடக் குறை மிகுந்தால் பெட்ரோல் வரத்தைச் சோதிக்க வேண்டும். இரண்டாம் வகைக் குறை பாலக்காட்டுச் சமவெளியில் ஒளிந்திருந்து போடிமெட்டில் வெளிப்படும் இயல்புடையது.

கியருக்கும் எண்கள் உண்டு. தானியங்கிக் கியர் உள்ள வண்டியில் பி 0700 தோன்றினால் அது வாசற்கதவைத் தட்டும் ஓசை மட்டுமே. கியர் பெட்டியின் கணினியில் வேறோர் எண் காத்திருக்கிறது என்று பொருள். அதைப் படிக்கக்கூடிய கருவியால் படிக்க வேண்டும். உள்ளே சுழலும் வேகமும் வெளியே சுழலும் வேகமும் கியருக்கு ஏற்ற விகிதத்தில் இல்லையானால் பி 0730 வரும். அப்போதும் பெட்டியைப் பிரிக்குமுன் எண்ணெயைப் பார்க்க வேண்டும்: அளவு குறைந்ததா, கறுத்ததா, கருகிய வாசனை வீசுகிறதா? மின்கலம் தளர்ந்து மின்னழுத்தம் குறைந்தாலும் பொய் எண்கள் எழுவதுண்டு. 2014-ஆம் ஆண்டில் அம்பாசடரின் உற்பத்தி நின்றது; அதே ஆண்டில் கிளட்ச் மிதி இல்லாமல் கணினியே கியர் மாற்றும் சிறிய கார்கள் இந்தியாவில் பரவத் தொடங்கின. இவற்றுள் பலவற்றில் உள்ளே இருப்பது பழைய கிளட்ச் தட்டுதான். ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்தால் அது கருகும்.

ஆகவே எண்ணும் ஓசையும் பகையல்ல. இரண்டும் அறிகுறிகளே. நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து என்று வள்ளுவர் வைத்தியனுக்கு வகுத்த வரிசை மெக்கானிக்குக்கும் பொருந்தும். இந்த வரிசையைக் குலைக்கும் பழக்கம் ஒன்று இன்று பரவியுள்ளது. மலிவான கருவி ஒன்றை வாங்கி, எண்ணைப் படித்தவுடன் அழித்துவிடுவது அது. விளக்கு அணைகிறது, மனம் ஆறுதல் அடைகிறது. ஆனால் பழுது நேர்ந்தபோது எஞ்சினின் வெப்பம், வேகம், பாரம் ஆகியவை என்ன என்று கணினி குறித்து வைத்திருந்த சாட்சியமும் அத்துடன் அழிகிறது. சமவெளியில் வண்டி மறுபடி நன்றாகவே ஓடும். விளக்கு மீண்டும் எரியச் சில நாள் ஆகலாம். அதற்குள் அக்குடும்பம் பத்தாவது கொண்டை ஊசி வளைவில் இருக்கும்.

எனவே மலையேறக் கருதும் அன்பர்கள் சிலவற்றை நினைவில் கொள்ளலாம். எண்ணை அழிக்குமுன் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் சோதிக்க வேண்டும். விட்டுவிட்டு மின்னினால் எரிதல் தவறி, புகையைத் தூய்மையாக்கும் பகுதி கெட்டுக்கொண்டிருக்கிறது, வண்டியை ஓரமாக நிறுத்திவிட வேண்டும். இறக்கத்தில் கியர் தானே நடுநிலைக்குத் துள்ளும் வண்டியை மலைக்குக் கொண்டு செல்லவே கூடாது. எஞ்சினின் பிடி போனால் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதி தரையைத் தொடும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைநாட்டு ஓட்டுநர்களின் பழைய விதி. எந்தக் கணினியும் அதை இன்னும் பழையதாக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் விடியற்காலையில், போடி மலையடிவாரத்தில், தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்ட ஜீப்புகள் புறப்படுகின்றன. அவற்றுள் பலவற்றில் எண் சொல்லும் கணினி கிடையாது. முதல் வளைவில் கியரை இறக்கும் ஓட்டுநர், அந்த ஓசையைக் கூர்ந்து கேட்கிறார். நமது வண்டியில் விளக்கு இருக்கிறது. அது எரியும்போது நாமும் அதே கவனத்தோடு கேட்டால், இரண்டு வாயில்களையும் சுகமாகக் கடந்து ஊர் போய்ச் சேரலாம்.