சாந்தரெல் காளான்

ஐரோப்பியக் காடுகளில் கோடையில் முளைக்கும், உண்ணத்தக்க காளான். அறிவியல் பெயர்: காந்தரெல்லஸ் சிபேரியஸ். 1821இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் எலியாஸ் ஃப்ரீஸ் இப்பெயரைச் சூட்டினார். கிண்ணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே பேரினப் பெயரின் வேர்.

வாழிடம்: ஓக், பீச், பைன், ஸ்ப்ரூஸ் முதலிய மரங்களின் வேர்களோடு கூட்டுயிராக வாழ்கிறது. மண்ணிலிருந்து நீரையும் தாதுக்களையும் மரத்துக்குத் தந்து, ஈடாகச் சர்க்கரையைப் பெறுகிறது. அதனால் இதைப் பயிரிடுவது கடினம். சந்தைக்கு வருவது பெரும்பாலும் காட்டில் பறித்ததே. ஜூன் முதல் அக்டோபர் வரை, மழைக்குப் பின், பாசி படர்ந்த தரையில் மிகுதியாகத் தென்படும்.

அடையாளம்: முட்டை மஞ்சள் கரு நிறம், 3 முதல் 10 செ.மீ. அகலமுள்ள, புனல் போன்ற குடை. அடிப்புறத்தில் தகடுபோன்ற செவுள்கள் இல்லை. கிளைவிட்டுக் காம்பின்மீது இறங்கும் மழுங்கிய மடிப்புகளே உள்ளன. உட்சதை வெளிறியது, ஆப்ரிகாட் பழ வாசனை உடையது.

போலிகள்: ஆம்ஃபலோடஸ் ஒலியாரியஸ் என்னும் நச்சுக்காளான் ஆரஞ்சு நிறத்தில், மரக்கட்டையிலும் வேரிலும் கொத்தாக முளைக்கும். அதன் செவுள்கள் கூரியவை. உட்சதையும் ஆரஞ்சு நிறமே. உண்டால் கடும் வாந்தி ஏற்படும். பொய்ச் சாந்தரெல் என்னும் மற்றொரு போலியின் செவுள்கள் மெல்லியவை, நெருக்கமானவை.

பறித்தல்: நிறத்தை மட்டும் நம்பக்கூடாது, மடிப்பு, சதை, மணம், முளைத்த இடம் நான்கும் பொருந்த வேண்டும். சமைப்பதால் எல்லாக் காளான் நஞ்சும் அழியாது. ஐயம் எழுந்தால் பறிக்காமல் விடுவதே உயிர்காக்கும் விதி.