ராஜவீதியும் கிராமவீதியும்: ஆரல்வாய்மொழி - நெடுமங்காடு சாலையை முன்வைத்து

ஒரு சாலையின் வரலாறு என்றால் நம் வரலாற்றாசிரியர்களுக்கு மூணு பேரைத்தான் தெரியும். உத்தரவு போட்ட ராஜா, பணம் ஒதுக்கிய திவான், அளந்து கல் நட்ட வெள்ளைக்கார இஞ்சினீயர். மண்ணு சுமந்தவன் யாரு, சுமந்து கொட்டிய பிறகு அதே மண்ணில் அவனால் கால் வைக்க முடிஞ்சுதா என்ற கேள்வி அந்தப் புத்தகங்களில் கிடையாது. அந்தக் கேள்வியோடு நம்ம மாவட்டத்துச் சாலை ஒன்றைப் பார்க்கலாம்.

நெடுஞ்சாலைத் துறைப் பட்டியலில் அது மாநில நெடுஞ்சாலை 45. பேரு ஆரல்வாய்மொழி - நெடுமங்காடு சாலை. கணவாயில் தொடங்கி, மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, பூதப்பாண்டி வழியாகப் பழையாற்றுப் பள்ளத்தாக்கின் வயல்களைக் கடந்து போகிறது. அதற்கு மேற்கே குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் காடுகளுக்குள் ஏறி இறங்கிக் கேரள எல்லையைத் தொடுகிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெடுமங்காடு கேரளத்தில் நின்றுவிட்டது. சாலையின் பேரில் மட்டும் பழைய திருவிதாங்கூர் இன்னும் இருக்கிறது.

இந்தச் சாலையின் இரண்டு முனைகளிலும் நம்முடைய வரலாறு உட்கார்ந்திருக்கிறது. எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

கிழக்கு முனையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆரல்வாய்மொழி என்றதும் கோட்டையும் சண்டையும் பேசுவார்கள். 1809 பிப்ரவரியில் கும்பினிப் பட்டாளம் அந்த அரணை உடைத்ததும் வேலுத்தம்பியின் வீழ்ச்சியும் பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டன. அதற்கு மூணு வருசம் முன்னால், 1806 ஏப்ரல் 25இல், ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் பாதிரியார் இதே கணவாய் வழியாக உள்ளே வந்தார். அவரைக் கூப்பிட்டது எந்த அரண்மனையும் அல்ல. பக்கத்து மயிலாடியைச் சேர்ந்த பறையர் குலத்து மகராசன். சிதம்பரத்துக்குச் சாமி கும்பிடப் போனவர், திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவம் கேட்டு வேதமாணிக்கமாக ஊர் வந்தார். தன் சனங்களுக்கு ஒரு குரு வேணும் என்று கேட்டு வாங்கியவர் அவர்தான். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது, பள்ளிக்கூடமும் வந்தது. தென்திருவிதாங்கூரின் நவீனக் கல்வியைப் பேசுகிறவர்கள் பாதிரியார் பேரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அவரை வரவழைத்தவரின் சாதியைச் சொல்லும் இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

அந்தக் காலத்து வழிநடையை நினைத்துப் பாருங்கள். புலையர் பிராமணனிடமிருந்து 96 எட்டு விலகி நிற்க வேணும் என்று 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. எதிரே ஆள் வந்தால் வயலில் இறங்கணும், புதரில் ஒதுங்கணும், சத்தம் கொடுத்துக்கொண்டே நடக்கணும். 1836இல் எடுத்த கணக்குப்படி திருவிதாங்கூரின் மக்கள்தொகை சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம். அதில் 1,64,864 பேர் அடிமைகள். எட்டில் ஒருவர். நிலத்தோடு விற்கவும் ஒற்றிவைக்கவும் பட்ட இந்த மனுசர்கள்தான் புலையர், பறையர், குறவர். நாஞ்சில் நாட்டு நெல்லு அவர்களுடைய நெல்லு. வயல் வேலை போக, ஊழியம் என்ற பேரில் சர்க்காருக்குச் சுமை சுமந்ததும் கூலியில்லாமல் வேலை செய்ததும் ஒடுக்கப்பட்ட சாதிகள்தான்.

1855இல் அடிமைமுறை ஒழிந்ததாக ராஜ விளம்பரம் வந்தது. ஆளுக்கு விடுதலை கிடைத்தது, காலுக்குக் கிடைக்கவில்லை. அரசாங்கச் சாலைகள் எல்லாச் சாதிக்கும் பொது என்ற அறிவிப்பு வர இன்னும் பத்து வருசம் ஆனது. 1865.

ஏன் 1865? மகாராஜாவுக்குத் திடீரென்று மனசு இளகிவிட்டதா? மாதவராவ் திவானாக இருந்த 1858 - 1872 காலகட்டம் அது. மராமத்து இலாகா சாலைகளும் பாலங்களும் கட்டிக்கொண்டிருந்தது. அசம்பு மலைச்சரிவுகளில் வெள்ளைக்காரர்கள் காடழித்துக் காப்பி நட்டுக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் திருவிதாங்கூருக்கும் இடையிலான சுங்கத் தடைகளைத் தளர்த்தும் ஒப்பந்தம் வந்ததும் அதே 1865தான். சரக்கு போகணும், தோட்டத்துக்கு ஆள் வரணும். மூட்டை தூக்குகிறவனும் வண்டி தள்ளுகிறவனும் 96 எட்டு விலகிக்கொண்டே இருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? மிஷனரிகளின் வற்புறுத்தலும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மூலதனத்துக்கு நம் கால்கள் தேவைப்பட்ட நேரத்தில்தான் அரசாங்கத்தின் காது திறந்தது. இதனால் நமக்கும் ஒரு லாபம் உண்டு. வயலில் நெல்லுக்கூலி, மலையில் காசுக்கூலி. காசு கையில் வந்தவன் பண்ணையாரைப் பார்த்த பார்வை மாறியது.

ஆதிக்கச் சாதிகள் சும்மா இருக்குமா? சாலை பொது என்ற உத்தரவு 1884இல் திரும்பவும் போடப்பட்டது. முதல் உத்தரவு நடப்புக்கு வரவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நீதிமன்றம் ஒரு வியாக்கியானம் கண்டுபிடித்தது. ராஜவீதி வேறு, கிராமவீதி வேறு. ராஜவீதியில் எல்லாரும் போகலாம். கிராமவீதி சவர்ணருக்கு மட்டும். இந்த ஒரு வரியில்தான் நம் சாலைகளின் மொத்த வரலாறும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. சரக்குப் போகும் பெருவழியில் நீ நடந்துகொள். அந்தப் பெருவழியிலிருந்து கோயிலுக்கும் குளத்துக்கும் சந்தைக்கும் பிரியும் கடைசி பர்லாங்கில் கால் வைக்காதே. சாதி பெருவழியை விட்டுக்கொடுத்தது, கிளைவழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

இனி மேற்கு முனைக்குப் போவோம். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் அய்யன்காளி 1893இல் வில்லுவண்டி பூட்டிப் பொதுச்சாலையில் ஓட்டினார். உத்தரவு வந்து 28 வருசம் கழித்துத்தான் அந்தச் சக்கரம் உருண்டது, அதுவும் அடிதடியோடு. பிறகு அவர் கைவைத்த இடங்களில் ஒன்று நெடுமங்காட்டுச் சந்தை. விளைவித்தவன் தன் விளைச்சலைச் சந்தைக்கு வெளியே வைத்து விற்றுவிட்டுப் போகணும் என்ற நிலையை, 1912 வாக்கில் ஆட்களோடு உள்ளே நுழைந்து அவர் உடைத்தார். நம்முடைய இந்தச் சாலை போய்ச் சேரும் ஊர் அந்த நெடுமங்காடுதான்.

சந்தைக்கு அடுத்தது கோயில் தெரு. வைக்கத்தில் 1924 மார்ச் 30 முதல் 1925 நவம்பர் வரை நடந்த சத்தியாக்கிரகம் கோயிலுக்குள் போகக் கேட்டதல்ல. கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கக் கேட்டது. பெரியார் இருமுறை சிறை போனார். முடிவில் மூணு பக்கத்து வழி திறந்தது, கிழக்கு வாசல் வழி திறக்கவில்லை. அதே கோரிக்கை 1926இல் நாஞ்சில் நாட்டுக்குள்ளேயே சுசீந்திரத்தில் எழுந்தது. அதில் கலந்துகொண்டவர்களில் நம்முடைய சாலையோரத்துப் பூதப்பாண்டிக்காரர் ஜீவாவும் ஒருவர். சேரித் தோழனைத் தெருவுக்குள் கூட்டிவந்ததற்காக அவருக்கு வீட்டோடும் ஊரோடும் பகை வந்தது என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஜீவாவின் துணிச்சலை நாம் மதிக்கிறோம். ஆனால் கூட்டிவந்தவர் அடைந்தது பகை. கூட நடந்துவந்தவன் தன் உடம்பையே பணயம் வைத்தான். வரலாறு இரண்டாமவனைத் தோழன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

1928இல்தான் திருவிதாங்கூர் முழுக்கக் கோயில் சாலைகள் எல்லாருக்கும் திறந்தன. 1936 நவம்பர் 12இல் கோயிலே திறந்தது. கணக்குப் போட்டால் 1865இலிருந்து 63 வருசம், ஒரு கிளைத்தெருவுக்கு. மகாடு குளத்துக்கும் இதே கதைதான். 1924இலேயே நகராட்சி திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவரோடு போய்க் குடிக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் திறப்பது ஒரு வேலை, காலால் திறப்பது வேறு வேலை.

பிறகு காப்பி இலைநோயில் அழிந்தது, தேயிலையும் ரப்பரும் வந்தன. 1964இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் இந்த மலையடிவாரத்து அரசு ரப்பர் தோட்டங்களில் குடிவைக்கப்பட்டார்கள். 1984இல் அந்தத் தோட்டங்கள் அரசு ரப்பர் கழகமாயின. ஒரு காலத்தில் தமிழகத்துச் சேரிகளிலிருந்து கடல்கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பிவந்து கீரிப்பாறைப் பக்கம் விடியும் முன்னே பால்வெட்டப் போகிறார்கள். கூலிக்கு ஆள் கொண்டுவரும் வழியாகத்தான் சாலை இன்னும் இருக்கிறது.

இப்போது யாரும் யாரையும் நெடுஞ்சாலையில் தடுப்பதில்லையே என்று கேட்பார்கள். சரிதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரலாம், டீக்கடையில் நிற்கலாம். 2019 ஆகஸ்டில் வேலூர் மாவட்டம் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் வழியை நிலக்காரர்கள் மறித்ததால், ஒரு தலித்தின் பிணத்தைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றுக்குள் இறக்கினார்கள். நாடே படத்தில் பார்த்தது. உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. பாலம் பொது, ரோடு பொது, சுடுகாட்டுக்குப் பிரியும் அந்தக் கொஞ்சதூர வழி மட்டும் சாதிக்காரனின் பட்டா. ராஜவீதி, கிராமவீதி வியாக்கியானம் செத்துப்போகவில்லை.

சாலைத்துறை ஆரல்வாய்மொழியிலிருந்து கிலோமீட்டர் கல் நடுகிறது. நாம் சேரி வாசலிலிருந்தும் சுடுகாட்டிலிருந்தும் அளந்துகொண்டு வரணும். நெடுஞ்சாலையில் போய்ச் சேருகிற அந்தக் கடைசி பர்லாங்கு யாருடைய பேரில் இருக்கிறது என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதணும். அப்படி எழுதும்போதுதான் இந்தச் சாலையின் வரலாறு ஆரம்பமாகும்.