மூங்கிற்கோலும் முள்ளும்: பாலாற்று ஏரிகளில் தூண்டிலின் வரலாறு

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் நிலத்தடியிலிருந்தே எழுதப்பட்டுள்ளது. 1880-களில் ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் நிறுவனத்தின் மேலாண்மை, 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப், 2001-இல் மூடல் என்னும் வரிசை ஆய்வாளர் பலரும் அறிந்ததே. அவ்வயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரியும் அதை நிரப்பிய பாலாறும் அவ்வரிசையில் அடிக்குறிப்பாகவே நிற்கின்றன. கோரமண்டல், ஊரிகம், மாரிக்குப்பம் முதலிய குடியிருப்புகளுக்கு வந்த தொழிலாளரில் பெரும்பாலோர் வடார்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் தலித் மக்களே மிகுதி. வடார்க்காடும் சித்தூரும் ஏரிப்பாசன நிலங்கள். அங்கு ஏரியை அறிவதில் ஏரி மீனை அறிவதும் அடங்கும். அவ்வறிவின் மிகச் சிறிய கருவி தூண்டில்.

பாலாற்று வடிநிலத்தில் தூண்டிலுக்கு மிகப் பழைய சான்று உண்டு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் பாணர் குடியைச் சேர்ந்த ஒருவன் மீன் பிடிக்கும் காட்சி வருகிறது. நீண்ட மூங்கிற்கோல், அதில் கட்டிய கயிறு, வளைந்த இரும்பு முள், தோற்பையில் கொண்டுவந்த இறைச்சி இரை என்று கருவி முழுவதும் அங்கே விவரிக்கப்படுகிறது. இரையைக் கவ்விய வாளை முள்ளில் சிக்காமல் தப்பிவிடுகிறது. தப்பிய பின் நீரருகே வளர்ந்த பிரம்பின் ஆடும் நிழலைக் கண்டும் அது வெருள்கிறது. ஒருமுறை முள்ளை உணர்ந்த மீன் கோலின் நிழலுக்கு அஞ்சும் என்னும் நுட்பம், நீர்க்கரையில் நெடுநேரம் நின்றவர்களின் பட்டறிவிலிருந்து பாட்டுக்கு வந்ததாகவே இருக்க வேண்டும்.

இரையின் தேர்வும் இங்குக் கருதத்தக்கது. வாளை அகன்ற வாயும் கூரிய பற்களும் உடைய ஊனுண்ணி. அதற்கு இறைச்சி இரையே பொருந்தும். தூண்டில் அறிவின் அடிப்படை இதுதான்: மீனின் வாயும் உணவும் முள்ளின் அளவையும் இரையையும் முடிவு செய்கின்றன. கெண்டைக்கு வாய் சிறியது. தாடையில் பல் இல்லை, தொண்டையில்தான் உண்டு. அதற்குச் சிறு முள்ளும், மாவுருண்டை அல்லது மண்புழுவும், மெல்லிய அசைவையும் காட்டும் இலேசான தக்கையும் வேண்டும். கெளுத்தி அடிநீரில் மீசையால் துழாவி இரை தேடுவது. இருட்டிய பின் புழுவைத் தரையில் படியவிட வேண்டும். காற்றை உறிஞ்ச மேலே வரும் விராலுக்கு உயிருள்ள தவளையும் வலுவான முள்ளும் தேவை. ஒரே ஏரிக்கரையில் மூன்று வகை முள் வைத்திருப்பவர் மூன்று வகை உயிர்களின் வாழ்முறையை அறிந்தவர்.

இவ்வறிவு ஆங்கிலத்தில் நூலாக்கப்பட்டது 19-ஆம் நூற்றாண்டில். சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்னும் நூலை மங்களூரில் வெளியிட்டார். 1887-இல் அவரது ‘டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா’ வெளிவந்தது. மலையாறுகளின் பெருமீனான மாசீரைக் கொண்டாடிய காலத்தில் சமவெளி ஏரிக்கென்றே தனி நூல் தோன்றியது குறிப்பிடத்தக்கது. ரெடிச் நகரத்து முள்ளும் பட்டுப்புழு நரம்பும் வாங்கக்கூடிய, ஓய்வுநேரம் உடைய அலுவலரே இவ்வகை நூல்களின் வாசகர். கரையைக் காட்டியவரும் இரை தேடித் தந்தவரும் அவற்றில் பெரும்பாலும் பெயரின்றியே வருகின்றனர்.

இதே தலைமுறையில்தான் சட்டமும் வந்தது. தென்கன்னட மாவட்ட மீன்வளம் பற்றிய தாமஸின் 1870-ஆம் ஆண்டு அறிக்கையும், இந்தியா, பர்மா நன்னீர் மீன்வளம் பற்றிய பிரான்சிஸ் டேயின் 1873-ஆம் ஆண்டு அறிக்கையும் மீன்குஞ்சுகளின் அழிவைக் குறித்து எச்சரித்தன. 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் வெடிபொருளாலும் நஞ்சாலும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. மைசூர் சமஸ்தானம் 1901-இல் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. தங்கவயலை வைத்துப் பார்க்கையில் இதில் ஒரு முரண் தெரிகிறது. நீர்நிலையில் சட்டம் விலக்கிய வெடியும் நஞ்சும் சுரங்கத் தொழிலின் அன்றாட மூலப்பொருள்கள்: பாறையைப் பிளக்க டைனமைட், தாதுவிலிருந்து பொன்னைப் பிரிக்கச் சயனைடு. தூண்டில் ஒரு நேரத்தில் ஒரு மீனைத் தேர்ந்தெடுக்கிறது. வெடி குஞ்சையும் தாயையும் பிரித்தறிவதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இரு மாற்றங்கள் தூண்டிலை எளிமையாக்கின. ஒன்று, நைலான் நரம்பு. பருத்தி நூலும் பட்டு நரம்பும் வழக்கொழிந்தன. மற்றொன்று, 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் திலேப்பியா. அமெரிக்கர் வாணலிக்கு அளவான நன்னீர் மீன்களைப் ‘பான்ஃபிஷ்’ என்பர். தமிழக, கர்நாடக ஏரிகளில் அவ்விடத்தை இன்று பிடித்திருப்பது இந்த ஜிலேபிக் கெண்டையே. முட்டையையும் குஞ்சையும் தாய் வாயில் வைத்துக் காக்கும், இளமையிலேயே இனம்பெருக்கும், பாசி, புழு, மாவு எதையும் தின்னும். ஆகவே சிறு முள் ஒன்றும் ஒரு பிடி மாவும் போதும். பிடிப்பது எளிதாகியது; பள்ளத்தி, குறவை போன்ற சிறுமீன்களைத் தனித்தறியும் தேவை குறைந்தது.

எனவே தூண்டில் பெட்டியையும் ஓர் ஆவணமாக வாசிக்கலாம். அதிலுள்ள முள் வகைகள் சுருங்கியிருந்தால், அந்த ஏரியின் மீன் வகைகளும் சுருங்கியிருக்க வாய்ப்புண்டு. பாலாறு மெலிந்து, தங்கவயலின் மூத்த தொழிலாளர் தலைமுறையும் மறைந்துவரும் இவ்வேளையில், சுரங்க நினைவுகளைப் பதிவு செய்யும் வாய்மொழி வரலாற்றாளர் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வது நன்று: ஓய்வுநாளில் எந்த ஏரியில், எந்த மீனுக்கு, எந்த இரை? விடைகள் சுரங்கத்துக்கு வெளியே அவர்கள் வாழ்ந்த வாழ்வையும் பாலாற்றின் உயிர்ச்சூழலையும் ஒருங்கே காட்டக்கூடும்.