தம்பிகளுக்காக வென்ற அண்ணன்கள்



ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் நாட்டில், பனிக்கட்டியின்மேல் ஆடும் ஆட்டத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். 2017இல் கோலாலம்பூரில் நடைபெற்ற சீ விளையாட்டுப் போட்டியில் ஐஸ் ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது நானும் அவ்வாறுதான் எண்ணினேன். என் எண்ணத்தை மாற்றியது, 2024ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் என் மகன் படித்துக் காட்டிய ஒரு செய்தி.

கனடாவின் ஒட்டாவா நகரில் 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி நடந்துகொண்டிருந்தது. டிசம்பர் 27ஆம் நாள், லாட்வியா என்னும் சிறிய நாடு கனடாவை அதன் சொந்த மண்ணிலேயே 3–2 என்ற கணக்கில் வென்றது. கனடாவில் ஐஸ் ஹாக்கி என்பது வெறும் விளையாட்டன்று. அந்நாட்டு மக்களின் பெருமிதம். "அப்பா, இதே லாட்வியா முன்பு ஒருமுறை கனடாவிடம் 16–0 எனத் தோற்றிருக்கிறது" என்றான் மகன். தேடிப் பார்த்தேன். உண்மைதான். 2009ஆம் ஆண்டு டிசம்பர் 26, சஸ்கட்டூன் நகரம்.

இரண்டு ஆட்டங்களுக்கும் இடையே 15 ஆண்டுகள். அவற்றுள் பெரும்பாலான ஆண்டுகளில் லாட்விய இளைஞர்கள் கனடாவோடு ஆடும் அரங்கிலேயே இல்லை. அதற்கு ஒரு படி கீழே, உலகம் அதிகம் கவனிக்காத இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டாம் படியின் வரலாறே இக்கட்டுரை.

ஆட்டமும் படிகளும்

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணிக்குக் காவலர் உட்பட 6 பேர் களத்தில் இருப்பர். ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட 3 பகுதிகளாக நடைபெறும். பந்துக்கு மாறாக, கெட்டியாக்கிய ரப்பரால் ஆன தட்டையான வட்டு ஒன்றை வளைதடியால் அடித்துச் செல்வர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, அதைப் படித்தவுடன் இவ்விளையாட்டு சற்று நெருங்கி வந்ததுபோல் இருந்தது.

இளையோருக்கான உலகப் போட்டி 1974 முதல் 1976 வரை அதிகாரப்பூர்வமற்ற முறையில் நடந்தது. அனைத்துலக ஐஸ் ஹாக்கி சம்மேளனம் அதனை முறையான உலகப் போட்டியாக நடத்தத் தொடங்கியது 1977இல். அம்முதற் போட்டி அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சா, ஸ்வோலன் ஆகிய இரு நகரங்களில் நடைபெற்றது. இவ்விரண்டும் இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ளவை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

முதன்மைப் போட்டியில் 8 அணிகளுக்கே இடமிருந்தது. மற்ற நாடுகளின் பிள்ளைகள் என்ன செய்வர்? அதற்காக 1979இல் 'பி' பிரிவு தொடங்கப்பட்டது. மேலே கடைசி இடம் பெறும் அணி கீழே இறங்கும். கீழே முதலிடம் பெறும் அணி மேலே ஏறும். அவ்வாண்டு நார்வே இறங்கியது. 1980இல் அதன் இடத்தில் சுவிட்சர்லாந்து ஆடியது. 1983இல் 'சி' பிரிவும் சேர்ந்தது. 1996இல் முதன்மைப் பிரிவு 10 அணிகளாக விரிந்தது. 2001 முதல் 'பி' பிரிவுக்கு 'முதலாம் டிவிஷன்' என்று பெயர். பெயரில் முதலாவது, உண்மையில் இரண்டாம் படி! 2012 முதல் அதுவும் மேல், கீழ் என இரு குழுக்களாக அடுக்கப்பட்டது. மேற்குழுவில் 6 அணிகள் ஒன்றோடொன்று மோதும். ஒவ்வோர் அணிக்கும் 5 ஆட்டங்கள். முதலிடம் பெறும் ஒரே ஓர் அணிதான் மேலே ஏறும்.

இந்த ஏணியில் இரக்கத்திற்கு இடமில்லை. 1987ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று பியெஷ்டனி நகரில் கனடா அணியினரும் சோவியத் அணியினரும் களத்திலேயே கைகலந்தனர். சண்டையை நிறுத்த வழி தெரியாமல் அரங்கத்தின் விளக்குகளையே அணைத்தார்கள். இரு அணிகளும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டன. ஆயினும் அடுத்த ஆண்டு அவ்விரண்டும் முதன்மைப் பிரிவில் ஆடின. கீழே இறங்கியது, அச்சண்டையில் எவ்விதத் தொடர்பும் இல்லாத சுவிட்சர்லாந்து.

ஏற்றிவிட்டவர் ஏறுவதில்லை

இனி, இப்போட்டியைப் பற்றிப் படித்தபோது என்னை நிறுத்தி வைத்த செய்திக்கு வருகிறேன்.

போட்டி நடக்கும் டிசம்பர் 31ஆம் நாளில் 20 வயது நிறைவடையாதவரே இதில் ஆடலாம். அணிகளில் இருப்போர் பெரும்பாலும் 18, 19 வயதினர். இரண்டாம் படியில் வென்றால் கிடைக்கும் பரிசு, அடுத்த ஆண்டு மேலே ஆடும் உரிமை. ஆனால் அடுத்த ஆண்டு, இன்று 19 வயதில் இருப்பவருக்கு வயது கடந்துவிடும். அணியைத் தோளில் சுமந்து வெற்றி தேடித் தந்த மூத்தவர் மேலே செல்ல முடியாது. அவர் வென்ற இடத்தில் 17, 18 வயதுத் தம்பிகள் சென்று ஆடுவர்.

தோல்வியும் அவ்வாறே. மேலே தோற்று இறங்கிய அணியின் மூத்தவர்கள் வயது முடிந்து விலகிவிடுவர். கீழ்ப்படியின் சுமை இளையவர்கள் தலையில் இறங்கும்.

பெரியவர்களுக்கான போட்டியில் அணியை ஏற்றிய வீரரே மறு ஆண்டும் ஆடலாம். இளையோர் போட்டியிலோ ஓர் ஆண்டில் பிறந்தவர்கள் விதைக்கிறார்கள். பின்னால் பிறந்தவர்கள் அறுக்கிறார்கள். இதை அறிந்தே அந்த 19 வயது இளைஞர்கள் ஆடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

ஸ்லோவாக்கியா: அடிப்படியிலிருந்து

இதற்குத் தெளிவான சான்று ஸ்லோவாக்கியா.

1992ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஸ்வீடனின் யெவ்லெ நகரில் இளையோர் உலகப் போட்டி தொடங்கியது. செக்கோஸ்லோவாக்கியா அணியும் களமிறங்கியது. போட்டி முடிவதற்குள், 1993 ஜனவரி 1 அன்று, அந்த நாடே இல்லாமற் போயிற்று! செக் குடியரசு, ஸ்லோவாக்கியா என இரண்டாகப் பிரிந்தது. ஒரு நாட்டின் பெயரில் ஆடத் தொடங்கிய பிள்ளைகள், இரு நாட்டுப் பிள்ளைகளாகச் சேர்ந்து நின்று வெண்கலப் பதக்கம் பெற்றார்கள்.

பிரிவினைக்குப் பின் முதன்மைப் பிரிவின் இடம் செக் குடியரசுக்கு வழங்கப்பட்டது. ஸ்லோவாக்கியா புதிய நாடாகக் கருதப்பட்டு 'சி' பிரிவில் வைக்கப்பட்டது. முதல் உலகப் போட்டி நடந்த மண்ணின் பிள்ளைகளுக்கு மூன்றாம் படி. அந்த இளைஞர்கள் செய்த தவறு யாதொன்றும் இல்லை.

அவர்கள் 1994இல் 'சி' பிரிவில் ஆடி மேலே ஏறினார்கள். 1995இல் 'பி' பிரிவில் ஆடினார்கள். 1996இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்த முதன்மைப் போட்டியில் ஸ்லோவாக்கியாவின் பெயர் இடம்பெற்றது. கணக்கிட்டுப் பாருங்கள். 1994இல் 18, 19 வயதில் அடிப்படியில் ஆடிய எவரும் 1996இல் ஆடியிருக்க முடியாது. அவர்களுடைய உழைப்பால் ஏறியவர்கள் வேறு பிள்ளைகள்.

அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. 1999இல் வின்னிபெக் நகரில் ஸ்லோவாக்கிய இளையோர் ஸ்வீடனை 5–4 என வென்று வெண்கலம் பெற்றனர். அவ்வணியின் கோல் காவலர் யான் லாஷாக். மூன்றே ஆண்டுகளில், 2002ஆம் ஆண்டு மே மாதம் கோத்தன்பர்க் நகரில், பெரியவர்களுக்கான உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஸ்லோவாக்கியா ரஷ்யாவை 4–3 என வென்று உலக வெற்றியாளர் ஆனது. அங்கும் கோல் கம்பத்தின் முன் நின்றவர் லாஷாக்தான். அவருடைய பெயர் வரலாற்றில் நிற்கிறது, நிற்கத்தான் வேண்டும். 1994இல் மூன்றாம் படியில் ஆடி, அதோடு வயது முடிந்து விலகிய இளைஞர்களின் பெயர்களை இன்று எத்தனை பேர் சொல்வர்?

ஏறுவது வேறு, நிலைப்பது வேறு

ஏறியவர் அனைவரும் நிலைத்தார்கள் என்று சொன்னால் அது பொய்யாகும். ஜப்பானிய இளையோர் 1992இல் 'பி' பிரிவில் வென்று, மேற்சொன்ன 1993 போட்டிக்கு வந்தனர். அங்கே ஸ்வீடனிடம் 20–1 எனத் தோற்றனர். கடைசி இடம் பெற்று இறங்கினர். பின்னர் முதன்மைப் பிரிவை எட்டவில்லை.

இதைப் படிக்கும் ஆசிரியர் ஒருவர், "ஆயத்தமில்லாத பிள்ளைகளை ஏன் மேலே அனுப்ப வேண்டும்? தகுதிக்கு ஏற்ற படியிலேயே இருக்கட்டுமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வகுப்பறையில் நானும் பலமுறை அவ்வாறு எண்ணியதுண்டு. அதற்கு விடையாக எனக்குத் தோன்றுவது லாட்வியாவின் கதை.

16–0 தோல்விக்குப் பின் 2010இல் லாட்வியா இறங்கியது. மீண்டும் ஏறி 2012 போட்டியில் ஆடியது. 2013இல் இறங்கியது. 2017இல் ஏறிவந்து அவ்வாண்டே இறங்கியது. ஒவ்வொரு முறையும் ஏற்றிவிட்டவர் ஒரு வயதினர். மேலே சென்று அடி வாங்கியவர் மற்றொரு வயதினர்.

பிறகு எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. 2021 டிசம்பரில் கனடாவில் தொடங்கிய முதன்மைப் போட்டி, பெருந்தொற்று காரணமாகச் சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டது. 2022 ஆகஸ்டில் அது எட்மன்டன் நகரில் மீண்டும் நடத்தப்பட்டது. இடையில் உக்ரேன்மீது ரஷ்யா போர் தொடுத்ததால் ரஷ்ய அணி விலக்கப்பட்டிருந்தது. அந்த இடம் லாட்வியாவுக்குக் கிடைத்தது. வயது வரம்போ பழைய டிசம்பர் கணக்கின்படியே இருந்தது. அதாவது, அதே பருவத்தில் இரண்டாம் படியில் ஆடிய 19 வயது அண்ணன்களும் முதன்மை அரங்கில் கால்வைக்க வழி பிறந்தது.

அவர்கள் அங்கே செக் அணியை 5–2 என வென்றார்கள். லாட்விய இளையோர் முதன்முறையாகக் காலிறுதிக்குச் சென்றார்கள். அங்கு ஸ்வீடனிடம் 2–1 எனத் தோற்றார்கள். ஜப்பானைப் பந்தாடிய அதே ஸ்வீடனிடம், ஒரே ஒரு கோல் வேறுபாடு. இரண்டாம் படியில் இருந்தவர்கள் திறமையற்றவர்கள் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதன்பின் 2023 டிசம்பரில் கனடாவிடம் 10–0 எனத் தோற்றனர். மறு ஆண்டே, என் மகன் படித்துக் காட்டிய அந்த 3–2 வெற்றி.

நிறைவாக

இதனை எழுதும்போது என் அண்ணன் நினைவுக்கு வராமல் இல்லை. ஆறாம் வகுப்பில் எங்கள் தோட்டப்பள்ளியில் அவர்தான் முதல் மாணவர். தந்தையார் நோயில் விழுந்ததால் அதோடு படிப்பை நிறுத்திவிட்டு மரம் வெட்டப் போனார். என் பேருந்துக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் அவர் சம்பளத்திலிருந்து வந்தவை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தபோது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். "உள்ளே வாங்கண்ணே" என்றேன். "நீ போய்யா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று திரும்பிவிட்டார்.

நம் பள்ளிகளில் மேலே ஏறிய மாணவர்களின் பெயர்களைப் பலகையில் எழுதுகிறோம். நல்ல வழக்கம், அது தொடரட்டும். ஆனால் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளை, வீட்டில் தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பிள்ளையாக இருக்கக்கூடும். தான் எட்டாத படிக்கு அடுத்தவரை ஏற்றிவிடும் அப்பிள்ளையின் உழைப்பு எந்த மதிப்பெண் தாளிலும் வருவதில்லை.

'என் குறிக்கோள்' என்னும் தலைப்பில் ஆண்டுதோறும் மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். இவ்வாண்டு அதோடு, 'நான் படிப்பதற்காக உழைத்தவர்' என்னும் தலைப்பையும் கொடுத்துப் பார்க்க எண்ணியிருக்கிறேன். நீங்களும் உங்கள் வகுப்பில், உங்கள் இல்லத்தில் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் சொல்லும் பெயர்கள் நமக்குத் தெரிந்த பெயர்களாகவே இருக்கும். நாம் கேட்காத காரணத்தால் மட்டுமே அவை சொல்லப்படாமல் இருக்கின்றன.