சீஃப் பெட்டி ஆபீசர் (அமெரிக்கக் கடற்படை)

அமெரிக்கக் கடற்படையில் கடைநிலை மாலுமியாகச் சேர்ந்து, தொழிலிலும் ஒழுங்கிலும் தேறி மேலே வந்தவர்கள் பெறும் தலைமைப் பதவி சீஃப் பெட்டி ஆபீசர். ஊதிய வரிசையில் இது இ-7. இதற்கு மேல் சீனியர் சீஃப் (இ-8), மாஸ்டர் சீஃப் (இ-9) என இரண்டு படிகள் உண்டு. கப்பலில் இவரை ‘சீஃப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தியக் கடற்படையிலும் இதே பெயரில் பதவி இருக்கிறது. ஆனால் அங்கே மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர், தரைப்படையில் அதிகாரிகளுக்கும் வீரர்களுக்கும் இடைப்பட்ட ஜே.சி.ஓ.க்களுக்கு நிகராக வைக்கப்படுகிறார். அமெரிக்காவில் சீஃப்களை அப்படி ஓர் இடைவகுப்பில் வைப்பதில்லை; எவ்வளவு உயர்ந்தாலும் சீஃப் மாலுமிகளின் வரிசையிலேயே இருக்கிறார்.

இந்தப் பதவியின் தேவை கப்பலின் அன்றாடத்திலிருந்து பிறந்தது. அதிகாரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறிப் போய்விடுவார்கள். பயிற்சி முடித்து நேரே வரும் இளம் என்சைன் (தொடக்கநிலை அதிகாரி) ஒருவருக்கு ஒரு பிரிவின் பொறுப்பு தரப்படுகிறது. அந்தப் பிரிவின் எந்திரங்களோடு பல ஆண்டுகள் பழகிய சீஃப் அவருக்குப் பக்கத்தில் இருப்பார். பதவியில் என்சைன் பெரியவர், சீஃப் அவரை ‘சார்’ என்றே அழைப்பார். ஆனாலும் அந்த இளைஞருக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது சீஃபின் கடமைகளில் ஒன்று. இப்படித் தனக்கு மேலிருப்பவரை வளர்க்கும் பொறுப்பை வேறு பதவிகளில் இவ்வளவு வெளிப்படையாகக் காண்பது அரிது.

‘சீஃப்’ என்ற சொல் கடற்படையில் மிகப் பழையது. 1776-இல் ஆல்ஃபிரட் என்ற போர்க்கப்பலில் இருந்த ஜேக்கப் வாஸ்பி என்ற சமையல் உதவியாளர் ‘சீஃப் குக்’ எனக் குறிக்கப்பட்டிருப்பதைக் கடற்படை வரலாற்றாளர்கள் காட்டுகிறார்கள். ஆனால் அப்போது அது வேலைப் பெயர்தான், பதவி அல்ல. 1885-இல் பெட்டி ஆபீசர்கள் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டபோதும், பெயரில் ‘சீஃப்’ உடையவர்கள் முதல் வகுப்புக்குள்ளேயே அடங்கினர்.

மாற்றம் 1893 ஏப்ரல் 1 அன்று வந்தது. குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசனின் ஆணைப்படி அன்றுதான் சீஃப் பெட்டி ஆபீசர் தனிப் பதவியாயிற்று. இன்றும் அந்த நாளைச் சீஃப்களின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பாய்மரக் கப்பல்கள் மறைந்து, எஃகு உடலும் நீராவி எந்திரமும் கொண்ட கப்பல்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. கயிறு பிடிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் போதவில்லை. கொதிகலனும் பீரங்கி நுட்பமும் அறிந்தவர்களைக் கடற்படையில் தக்கவைக்க வேண்டியிருந்தது. மேல்தள வேலை, பீரங்கி, எந்திரம், தச்சு, எழுத்துப்பணி, மருந்து முதலிய துறைகளின் தலைவர்கள் புதிய பதவிக்கு வந்தார்கள். இசைக்குழுத் தலைவரும் அவர்களில் ஒருவர்.

முதல் உலகப்போர் இந்த வரிசைக்குள் புதியவர்களைக் கொண்டுவந்தது. 1917 மார்ச்சில் லொரெட்டா வால்ஷ் என்ற பெண் சீஃப் பெட்டி ஆபீசராகப் பதவியேற்றார். சேமப்படைச் சட்டத்தில் ‘ஆண்’ என்ற சொல் இல்லாததைக் கவனித்துக் கடற்படைத் துறைச் செயலர் ஜோசஃபஸ் டேனியல்ஸ் திறந்த வழி அது. அதே ஆண்டு ஜூனில் ஜான் ஹென்றி டர்பின் சீஃப் ஆனார். 1898-இல் மெயின் கப்பலும் 1905-இல் பென்னிங்டனும் வெடித்தபோது இரண்டிலும் இருந்து உயிர் பிழைத்தவர் அவர். கறுப்பினத்தவரில் சீஃப் ஆன முதல் சிலரில் ஒருவர். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது கொடுமை. 1919-இல் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதே நிறுத்தப்பட்டது. 1932-இல் மீண்டும் சேர்த்தபோதும், அதிகாரிகளின் உணவறையில் பரிமாறும் வேலைக்கு மட்டும். 1942 வரை இந்த நிலை நீடித்தது.

சீஃப் என்றால் யார் என்று கேட்பவர்களுக்குக் கடற்படையினர் சொல்லும் பெயர்களில் பீட்டர் டோமிச் முக்கியமானவர். இன்றைய போஸ்னியா-ஹெர்ஸகோவினாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரில், யூட்டா கப்பலின் கொதிகலன் அறைக்கு அவர் பொறுப்பு. டார்பிடோ தாக்கி, சில நிமிடங்களில் கப்பல் சரிந்து கவிழத் தொடங்கியது. சூடான கொதிகலன்களில் கடல்நீர் பட்டால் வெடிக்கும். தன் ஆட்களை மேலே போகச் சொல்லிவிட்டு, அவற்றை ஒவ்வொன்றாக அடக்கியபடி அவர் கீழேயே இருந்தார். கப்பலில் இறந்த 58 பேரில் அவரும் ஒருவர். நாட்டின் மிக உயரிய வீரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது, ஆனால் பெற்றுக்கொள்ள உறவினர் யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. 2006-இல்தான் குரோஷியாவின் ஸ்ப்ளிட் துறைமுகத்தில், என்டர்பிரைஸ் கப்பலின் மேல் அவருடைய உறவினரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. யூட்டாவின் துருவேறிய உடல் இன்றும் ஃபோர்டு தீவின் கரையோரம் நீருக்கு மேல் தெரிகிறது.

போருக்குப் பின் ரேடாரும் மின்னணுக் கருவிகளும் பெருகின. இ-7-க்கு மேல் போக வழியில்லாத திறமைசாலிகள் வெளியேறத் தொடங்கினார்கள். 1958-இல் சீனியர் சீஃப், மாஸ்டர் சீஃப் படிகள் உருவாகக் காரணம் இதுவே. 1967 ஜனவரியில், மாலுமிகளின் குறைகளைக் கடற்படைத் தளபதியிடம் நேராகச் சொல்வதற்கென்றே ஒரு பதவி ஏற்பட்டது. பீரங்கிப் பிரிவில் வளர்ந்த டெல்பர்ட் பிளாக் அதன் முதல் பொறுப்பாளர். மரைன் படை 1957-லேயே இத்தகைய பதவியை உருவாக்கிவிட்டது. கடற்படை பத்தாண்டு தாமதமாகத்தான் விழித்தது. பதவியின் பெயர் சில மாதங்களில் கடற்படை மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர் என்று மாறியது. பிளாக்கின் பெயரைத் தாங்கிய நாசகாரிக் கப்பல் 2020-இல் பணியில் சேர்ந்தது.

சீஃபின் சின்னம் சங்கிலி சுற்றிய நங்கூரம். சீனியர் சீஃபுக்கு அதன் மேல் ஒரு நட்சத்திரம், மாஸ்டர் சீஃபுக்கு இரண்டு, கடற்படை மாஸ்டர் சீஃபுக்கு மூன்று. சங்கிலி சிக்கிய நங்கூரம் மாலுமிக்குத் தொல்லை. அந்தத் தொல்லையைத் தீர்ப்பவரின் அடையாளமாக அதையே வைத்திருப்பது பொருத்தமாகத்தான் படுகிறது. சீஃப்கள் உண்டு உறங்கும் தனிப்பகுதிக்கு ‘ஆட்டுக்கொட்டில்’ என்று பெயர். பழைய கப்பல்களில் பாலுக்காக வளர்த்த ஆடுகளைச் சீஃப்களின் பொறுப்பில் விட்டிருந்ததால் வந்த பெயர் என்று மரபுக் கதை சொல்கிறது. கப்பல் தலைவரே ஆனாலும் கதவைத் தட்டிவிட்டு நுழைவது வழக்கம்.

தேர்வானவர்கள் சில வாரப் பயிற்சிக்குப் பின் காலர் நங்கூரம் பெறுகிறார்கள். பெரும்பாலும் குடும்பத்தினர்தான் அதைக் குத்திவிடுவார்கள். வழிகாட்டி நின்ற மூத்த சீஃப் தொப்பியை அணிவிப்பார். புதியவர் கையோடு கொண்டுதிரியும் ‘சார்ஜ் புக்’ என்ற ஏட்டில் மூத்தவர்கள் அறிவுரைகளை எழுதித் தருவார்கள். முன்பு இந்தச் சடங்கில் அவமானப்படுத்தும் விளையாட்டுகளும் கலந்திருந்தன. தலைமை அவற்றைப் படிப்படியாக விலக்கியது. மரபு அதனால் மெலிந்துவிட்டதாக வருந்துவோர் உண்டு. அந்த ஏடு ஒன்றைப் புரட்டினால் அந்த வருத்தம் தேவையற்றது எனப் புரியும்.

நீர்மூழ்கிகளில் இவர்களின் தலைவருக்கு ‘சீஃப் ஆஃப் த போட்’ என்று பெயர். 2022-இல் லூசியானா நீர்மூழ்கியில் ஏஞ்சலா கூக்ளர் அப்பொறுப்பேற்ற முதல் பெண் ஆனார். எந்தக் கப்பலில் இருந்தாலும், ஓய்வுபெறும் நாளில் மாலுமிகள் இரு வரிசையாக நின்று சல்யூட் வைக்க, போசன் எனும் மேல்தளப் பொறுப்பாளரின் ஊதுகுழல் ஒலிக்க, சீஃப் அவர்களுக்கு நடுவே நடந்து கப்பலை விட்டு இறங்குகிறார்.