பாண்டியன் பார்க்காத பூ

ஆடி மாசம் பிறந்தா போதும், சொந்தக்காரங்க அனுப்புற படம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கண்ணுக்கெட்டின தூரம் மஞ்சள், பின்னாடி நீலமா மலை, நடுவுல கூலிங்கிளாஸ் மாட்டின ஒரு குடும்பம். எந்த ஊருன்னு கேக்கவே வேணாம், சுந்தரபாண்டியபுரம். குற்றாலத்துல குளிச்சு, பார்டர் புரோட்டாவை ஒரு கை பார்த்து, தென்காசி கோயிலுக்கும் போய்ட்டு, அப்படியே இந்த ஊர் சூரியகாந்தித் தோட்டத்துல நின்னு ஒரு படம் பிடிச்சாத்தான் சாரல் சீசன் டூர் முழுமையாகுது. கேரளாவுல இருந்தும் கார் காரா வந்து இறங்குறாங்க.

சினிமாக்காரங்களுக்கும் இந்த ஊர் பழக்கம்தான். மணிரத்னத்தோட ரோஜா (1992) படத்துல கதாநாயகிக்கு ஊர் சுந்தரபாண்டியபுரம். ஷங்கரோட அந்நியன் (2005) படத்துக்காக பக்கத்துப் பாறைகள்ல சினிமா நட்சத்திரங்கள் முகத்தை வரைஞ்சு வெச்சாங்க. அது 'அந்நியன் பாறை'ன்னே பேராகி, சாயம் வெளுத்தும் இன்னும் ஆளை இழுக்குது.

நாங்களும் ஒரு சீசன்ல போனோம். வரப்புல நின்னுக்கிட்டு தங்கமணி ரொம்ப ரசனையா ஒரு வார்த்தை சொன்னாங்க: "ஊர் பேரைப் பாருங்களேன், சுந்தரபாண்டியபுரம்! அந்தக் காலத்துல பாண்டிய ராணியெல்லாம் இந்தப் பூவுக்கு நடுவுலதான் நடந்து போயிருப்பாங்க, இல்ல?"

நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "வாய்ப்பே இல்லை. எந்தப் பாண்டியனும் இந்தப் பூவைக் கண்ணால கூட பார்த்ததில்லை. இது எங்க அம்மாவை விட சின்னப் பயிர்"னு சொன்னேன். "ஆரம்பிச்சிட்டாருய்யா"ன்னு மகள் போனை எடுத்துட்டு நாலு வரப்பு தள்ளிப் போயிட்டா. அவ கேக்காம விட்ட கதையை நீங்க கேளுங்க, மக்களே. வேற வழியில்லை :-)

சுந்தர பாண்டியன்கிற பேர்ல பாண்டிய வம்சத்துல பல பேர் இருந்திருக்காங்க. அதுல பெரிய ஆள் 1251-ல் பட்டத்துக்கு வந்த சடையவர்மன் சுந்தர பாண்டியன். தென்காசி காசி விசுவநாதர் கோயிலைக் கட்டின பராக்கிரம பாண்டியன் அதுக்கும் பிந்தி, அவர் திருப்பணியைத் தொடங்கினது 1446 வாக்கில். கொலம்பஸ் கப்பல் ஏறினது 1492-ல். சூரியகாந்தியோட பூர்வீகம் வட அமெரிக்கா. அங்கே இருந்த பூர்வகுடிகள் நாலாயிரம் வருஷத்துக்கு முந்தியே இதைப் பயிர் பண்ணி, விதையை மாவாக்கித் தின்னுருக்காங்க. ஸ்பானியக்காரங்க 16-ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தாங்க. ஆக, பராக்கிரம பாண்டியன் திருப்பணி தொடங்கினப்ப இந்தப் பூ நம்ம பக்கத்துல எங்கயுமே கிடையாது. (மிளகாயும் கிடையாது, தக்காளியும் கிடையாது. பாண்டியன் சாப்பிட்ட சாம்பார் எப்படி இருந்திருக்கும்னு தனியா ஒரு பதிவு போடணும்.)

அப்போ சூரியனைப் பார்க்கிற பூன்னு தமிழன் எதைச் சொன்னான்? நெருஞ்சிப் பூவை! கால்ல குத்துற அதே நெருஞ்சி. அதோட குட்டி மஞ்சப் பூ சூரியனை நோக்கியே இருக்கும்னு சங்கப் புலவர்கள் கவனிச்சு வெச்சிருக்காங்க. புறநானூறு 155-ஆம் பாட்டுல மோசிகீரனார் சொல்ற உவமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நெருஞ்சிப் பூ உதிக்கிற சூரியனை எதிர்கொண்டு நிக்கிற மாதிரி, வறுமைப்பட்ட புலவர்களோட சாப்பாட்டுக் கலங்கள் எல்லாம் கொண்கானங்கிழான் மார்பைப் பார்த்து மலர்ந்து நிக்குதாம். பசிச்சவன் தட்டு எந்தப் பக்கம் திரும்பும்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு. சூரியகாந்திங்கிற பேர் வந்த வழியும் சுவாரசியம்தான். நம்ம பழைய ஆளுங்களுக்குத் தெரிஞ்சது சூரியகாந்தம்கிற கல். வெயில் பட்டா தீயைக் கக்கும்னு நம்பினாங்க. கல்லோட பேர் மாதிரியே ஒரு பேர் பிற்பாடு வந்த பூவுக்கும் அமைஞ்சு போச்சு.

சரி, பூ எண்ணெய் ஆன கதைக்கு வருவோம். ஐரோப்பாவுல முதல்ல இது வெறும் அழகுப் பூதான். ரஷ்யாவுல நோன்புக் காலத்துல மாமிசக் கொழுப்பும் வெண்ணெயும் ஆகாது. எண்ணெய்க்கு வழி தேடினவங்களுக்கு இந்த விதை கைகொடுத்துச்சு. 1829-ல் அலெக்ஸெயெவ்காங்கிற ஊர்ல டேனியல் பொகாரெவ்னு ஒரு குடியானவர் தன் வீட்டுத் தோட்டத்து விதையைக் கையால பிழிஞ்சு எண்ணெய் எடுத்துக் காட்டினார். கொஞ்ச வருஷத்துல ஊர் பூரா எண்ணெய் ஆலை. அப்புறம் 20-ஆம் நூற்றாண்டுல கிராஸ்னதார்ல வசிலி புஸ்தவோய்த்னு ஒரு விஞ்ஞானி, ஒத்தைப் பயிரைப் பிடிச்சுக்கிட்டு அம்பது வருஷத்துக்கு மேல உக்காந்தார். விதையில மூணுல ஒரு பங்கு இருந்த எண்ணெயைக் கிட்டத்தட்ட பாதி வரைக்கும் கொண்டு போனது அவர்தான். நாமெல்லாம் ஒரு தொடர் பதிவையே மூணாவது பாகத்துல நிறுத்திடுறோம்.

இந்தியாவுக்கு அழகுச் செடியா எப்பவோ வந்துருச்சு. எண்ணெய்ப் பயிரா வந்தது 1969-ல். அறுபதுகள்ல நாட்டுல சமையல் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. கடலை எண்ணெயை நம்பியிருந்தோம், கடலையோ மழையை நம்பியிருந்துச்சு. அப்போ சோவியத் ரஷ்யாவுல இருந்து பெரிதோவிக் மாதிரியான ரகங்களை வரவழைச்சாங்க. பின்னாடி கனடாவுல இருந்து வந்த மார்டன் ரகம் குட்டையா, சீக்கிரம் விளையறதா இருந்ததால பிடிச்சுப் போச்சு. 1980-ல் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் பி.எஸ்.எச்-1ன்னு நம்ம நாட்டு முதல் வீரிய ஒட்டு ரகத்தைக் கொடுத்துச்சு. (1973-ல் முத்துராமன், ஜெயலலிதா நடிச்ச 'சூரியகாந்தி' படம் வந்துச்சே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனா ரெண்டுக்கும் வயசு ஏறக்குறைய ஒண்ணு.)

எங்க வீட்டு அடுப்படிக்கு இது வந்தது அதுக்கும் பிறகு. ஆச்சிக்குத் தெரிஞ்ச எண்ணெய் மூணுதான்: நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய். செக்குல ஆட்டி, தூக்குச் சட்டியில வாங்கி வரணும். எண்பதுகளோட கடைசியில டிவியில ஒரு விளம்பரம், ஒரு பையன் யானைத் தண்டி பூரிகளுக்கு நடுவுல குட்டிக்கரணம் அடிச்சுக்கிட்டே போவான், ஞாபகம் இருக்கா? சன்ட்ராப். அதைப் பார்த்துட்டு அத்தை முதல் டப்பாவை வாங்கிட்டு வந்தாங்க. ஆச்சி மோந்து பார்த்துட்டு, "ஏளா, இதுல வாசமே இல்லையே. தண்ணியையா காசு குடுத்து வாங்கிட்டு வந்தே?"ன்னு கேட்டாங்க. வாசமே இல்லைங்கிறதுதான் அந்த எண்ணெயோட வெற்றின்னு ஆச்சிக்கு யார் சொல்றது. பத்து வருஷத்துல செக்கு போன இடம் தெரியல.

அடுப்படியில எண்ணெய் ஜெயிச்ச அதே காலத்துல வயல்ல பயிர் தோத்துப் போச்சு. இதுதான் என்னை யோசிக்க வெச்ச சமாச்சாரம். 1986-ல் மத்திய அரசு எண்ணெய் வித்துக்களுக்குன்னு தனி இயக்கம் ஆரம்பிச்சதும், சூரியகாந்தி பரவோ பரவுன்னு பரவி, 1993-94-ல் இந்தியா முழுக்க 25 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிருச்சு. 1994-95 வாக்கில் சமையல் எண்ணெய் இறக்குமதிக்குக் கதவு திறந்தாங்க. 65 சதவீதத்துல ஆரம்பிச்ச வரியை 1998-ல் 15 வரைக்கும் குறைச்சாங்க. மலிவுப் பாமாயில் வந்து குவிஞ்சது. அதே சமயம் 1997-ல் கர்நாடகாவுல பாகேபள்ளிப் பக்கம் ஒரு நச்சுயிரி நோய் கிளம்பி, செடி செடியா கருக ஆரம்பிச்சது. 2020-21 கணக்குப்படி நாடு முழுக்க இரண்டரை லட்சம் ஹெக்டேர் கூட இல்லை. பத்துல ஒண்ணு!

அப்போ கடையில பாக்கெட் பாக்கெட்டா தொங்குற எண்ணெய் எங்கேர்ந்து வருது? பெரும்பகுதி கருங்கடல் பக்கத்துல இருந்து. வருஷத்துக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல நாம வாங்குறோம். போருக்கு முன்னாடி அதுல சுமார் 70 சதவீதம் உக்ரைன்ல இருந்து வந்துச்சு. 2022 பிப்ரவரியில போர் வெடிச்சதும், நம்ம தெரு மளிகைக் கடையில லிட்டருக்கு எவ்வளவு எகிறுச்சுன்னு வீட்டுல கணக்கு நோட்டு எழுதறவங்களைக் கேளுங்க. எங்க வீட்டுல ரெண்டு மாசம் அப்பளம் சுட்டுத்தான் சாப்பிட்டோம். 1969-ல் விதையை எந்தச் சீமையில இருந்து வாங்கினோமோ, அதே சீமை எண்ணெய்க்குத்தான் இப்பவும் தூக்குச் சட்டியை நீட்டிக்கிட்டு நிக்கிறோம். மோசிகீரனார் பாட்டு இங்கயும் செல்லும் போல.

இவ்வளவையும் தாண்டி சுந்தரபாண்டியபுரம், சாம்பவர் வடகரை, ஆய்க்குடிப் பக்கம் இன்னும் இதைப் போடுற ஆளுங்க இருக்காங்க. அது லேசுப்பட்ட வேலை இல்லை. தோட்டத்துக்காரர் ஒருத்தர்கிட்ட கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருந்தேன். "அண்ணாச்சி, பாக்கறதுக்குத்தான் லட்சணமா இருக்கும். தேனீ வரலைன்னா உள்ள எல்லாம் பொக்கு"ன்னார். அதனால காலையில ஒன்பதுல இருந்து பதினோரு மணிக்குள்ள பூவை மெல்லிசு துணியால தடவி விடணும், இல்லைன்னா பூவும் பூவுமா மூஞ்சியோட மூஞ்சி உரசி விடணும். விதை பிடிச்சா கிளிக் கூட்டம் வந்துரும், டின்னைத் தட்டிக்கிட்டே சுத்தணும். "கிளி தேவலை அண்ணாச்சி, தின்னுட்டுப் போயிரும். இவுக தின்னவும் மாட்டாக, செடியை ஒடிச்சுப் போட்டுட்டுப் போவாக"ன்னு ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு மாப்பிள்ளை சார், வீட்டம்மாவுக்கு ஒரு முழுப் பூவையே திருகிக் கொடுத்துக்கிட்டு இருந்தார். ஒரு பூங்கிறது நூத்துக்கணக்குல விதை. சில தோட்டத்துல உள்ள நுழைய காசு வாங்குறாங்கன்னு முணுமுணுக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். நான் அவர் பக்கம்தான். மாலுக்குப் போனா வண்டி நிறுத்தவே அதை விடக் கூட கொடுக்கிறோம்.

படம் பிடிக்கிற நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. சூரியகாந்தி சூரியன் கூடவே திரும்பும்னு சொல்றது பாதிதான் சரி. இளஞ்செடி திரும்பும், பகல்ல தண்டோட கிழக்குப் பக்கம் கூடுதலா வளரும், ராத்திரி மேற்குப் பக்கம் வளர்ந்து பழைய இடத்துக்கு வரும். பூ முத்தினதும் ஆட்டம் நின்னு போய், கிழக்கைப் பார்த்தே நிலைச்சிரும். 2016-ல் கலிபோர்னியா விஞ்ஞானிகள் இதைச் சோதிச்சு, கிழக்கைப் பார்த்த பூ காலையில சீக்கிரம் சூடாகிறதால அதுக்குத்தான் தேனீ அதிகம் வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. இந்த ஊர்ல மலை இருக்கிறது மேற்கே. பூ முகம் காட்டுறது கிழக்கே. அதனால தோட்டத்துக்குக் கிழக்குப் பக்கம் காலை வெயில்ல நின்னீங்கன்னா பூ, மலை ரெண்டும் ஒரே சட்டத்துல விழும். செடியைத் தொடவே வேணாம். சாயங்காலம் போனா எல்லாப் பூவும் சூரியனுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கும்.

கிளம்பும்போது அந்தத் தோட்டக்காரர்கிட்டயே முத்திக் காய்ஞ்ச பூ ஒண்ணைக் காசு கொடுத்து வாங்கிட்டு வந்தோம். மகள் ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு மேசையில அதைப் போட்டு, ஸ்கெட்ச் பேனாவால கோடு இழுத்து இழுத்து விதைச் சுழலை எண்ணினா. வலப்பக்கம் 34, இடப்பக்கம் 55. ஃபிபனாச்சி எண்ணுன்னு அவளே தேடிப் பார்த்துச் சொல்லிட்டா. தங்கமணி மட்டும், "எண்ணி முடிச்சாச்சுல்ல? உரிச்சு வறுத்துத் தர்றேன், ஆளுக்கு எத்தனைன்னும் கணக்குப் போட்டுச் சொல்லு"ன்னாங்க. ஆளுக்கு ஒரு பிடிகூட தேறல, பாதி பொக்கு.